கண்மாய்த் தொடரின் வெள்ளக் கணக்கு: விருதுநகர், சிவகாசி வட்டாரம்

கண்மாய்த் தொடர் என்பது ஒரே ஓடையின் போக்கில் மேலிருந்து கீழாக அமைந்து, ஒன்றுக்கொன்று நீர் கொடுத்து வாங்கும் கண்மாய்களின் வரிசை. மேல்கண்மாய் நிறைந்ததும் கலுங்கு வழியாக மறுகால் பாயும். அந்த மறுகாலே அடுத்த கண்மாய்க்கு வரத்துக்கால். கடைசிக் கண்மாயின் மறுகால் ஆற்றில் சேரும். விருதுநகர் மாவட்டத்தின் பாசனம் பெரும்பாலும் இத்தகைய தொடர்களை நம்பியே இருந்துவந்துள்ளது.

ஒரு தொடரில் வெள்ளம் எவ்வளவு வரும், எப்போது வரும், எந்தக் கரை முதலில் உடையும் என்று கணக்கிடும் முயற்சிக்கு ஏறத்தாழ 140 ஆண்டு வரலாறு உண்டு. 1880களின் கண்மாய்ப் பதிவேடுகளில் தொடங்கிய அந்தக் கணக்கு இன்று கணினி மென்பொருள்களில் நடக்கிறது. கண்மாய்களுக்கு நடுவே பிற்காலத்தில் குறுக்கிட்ட ரயில் கரைகளும் சாலைச் சிறுபாலங்களும் இந்த வரலாற்றில் முக்கியமானவை. அவற்றைப் பற்றி எழுதப்பட்டது குறைவு.

நிலமும் நீரும்

மாவட்டத்தின் மேற்கே மேற்குத்தொடர்ச்சி மலை. வத்திராயிருப்பு, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் ஆகியவை மலையடிவாரத்தில் உள்ளன. கிழக்கே போகப் போகக் கரிசல். நிலம் மேற்கிலிருந்து கிழக்காகவும் தென்கிழக்காகவும் சரிகிறது. வைப்பாறும் அதன் துணையாறுகளான அர்ச்சுனா நதியும் கௌசிகா நதியும் இந்தச் சரிவில் ஓடுகின்றன. அர்ச்சுனா நதி வைப்பாற்றில் கலக்கும் இடத்தில்தான் இருக்கன்குடி மாரியம்மன் கோயில் இருக்கிறது. ஆண்டு மழை சுமார் 800 மி.மீ. அதில் பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் சில நாட்களில் கொட்டித் தீர்ந்துவிடும்.

மற்ற மாதங்களின் வறட்சிதான் வெளியூர்க்காரர்களுக்குத் தெரிந்த விருதுநகர். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920களில் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுவந்து சிவகாசியில் தொடங்கியபோது, இந்த வறண்ட காற்று அவர்களுக்கு உதவியது. பின்னர் வந்த பட்டாசுத் தொழிலுக்கும் அதுவே துணை. ஆனால் ‘வானம் பார்த்த பூமி’ என்ற பெயர் வெள்ளக் கணக்குக்குக் கெடுதல் செய்தது என்றே சொல்லவேண்டும். பத்து ஆண்டுகள் நீர் வராத ஓடையின் மேல் சாலை போடுகிறவருக்குப் பெரிய பாலம் வீண்செலவாகத் தெரியும். பட்டாசு ஆலைகளின் கட்டடங்கள் பாதுகாப்புக்காக இடைவெளி விட்டு, ஊருக்கு வெளியே பரந்த நிலத்தில் கட்டப்படுகின்றன. அங்கே செல்லும் ஒவ்வொரு பாதையும் ஏதேனும் ஓர் ஓடையையோ வரத்துக்காலையோ கடக்கவேண்டியிருக்கும்.

எட்டிச் சாத்தனின் ஏரிகள்

இவ்வட்டாரத்தில் கண்மாய் வெட்டியவர்களில் பெயர் தெரிந்த பழையவர் இருப்பைக்குடி கிழவன் எட்டிச் சாத்தன். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபனின் காலத்தவர், 9ஆம் நூற்றாண்டு. சாத்தூர் வட்டாரத்து எருக்கங்குடிக் கல்வெட்டு அவர் பல ஏரிகளை வெட்டியதைச் சொல்கிறது. ‘கிழவன்’ என்பது இங்கே முதுமையைக் குறிக்காது, ஊர்த்தலைவன் என்று பொருள். ஒருவர் ஒரே வட்டாரத்தில் பல நீர்நிலைகளை அமைத்தார் என்பது கவனிக்கத்தக்கது. மேலே ஓர் ஏரி வெட்டினால் கீழே உள்ளதன் வரத்து குறையும். மேலே கரை உடைந்தால் கீழே உள்ளதும் ஆபத்தில் சிக்கும். பல ஏரிகளை வெட்டியவருக்கு இந்த உறவு தெரியாமல் இருந்திருக்க முடியாது.

கண்மாயின் உறுப்புகள் அன்றும் இன்றும் ஏறக்குறைய அவையே. மண் கரை, வயலுக்கு நீர் விடும் மடை, மிகை நீரை வெளியேற்றும் கலுங்கு. நூல்வழக்கில் கலிங்கு. சென்னை மாகாணப் பொறியாளர்கள் இந்தச் சொல்லை ‘கலிங்குலா’ என்று ஆங்கிலத்துக்கே எடுத்துக்கொண்டார்கள். கலுங்கின் மேல் வரிசையாகக் குத்துக்கற்கள் நடப்பட்டிருக்கும். மழைக்காலம் முடியும் தறுவாயில் அந்தக் கற்களுக்கு இடையே மண்ணும் புல்கட்டும் அடைத்து நீர்மட்டத்தை ஓரிரு அடி உயர்த்துவது வழக்கம். எப்போது அடைப்பது, எப்போது பிரிப்பது என்பதை ஊரும் நீர்ப்பாய்ச்சியும் முடிவு செய்தார்கள். இந்த ஓரிரு அடிக்காகப் பக்கத்து ஊர்களுக்குள் நடந்த வழக்குகள் கொஞ்சநஞ்சமல்ல. அடைத்தால் மேலூரின் உள்வாய் நிலம் மூழ்கும், பிரித்தால் அடைத்தவனின் பயிர் வாடும்.

பதிவேட்டில் ஏறிய கண்மாய்கள்

1853இல் சென்னை மாகாணப் பாசனத்தைப் பார்வையிட்ட பேர்ட் ஸ்மித், 14 மாவட்டங்களில் 53,000 ஏரிகள் இருப்பதாகவும், அவற்றில் 10,000 பழுதடைந்து கிடப்பதாகவும் குறித்தார். 1858இல் குடிமராமத்தைக் கட்டாயமாக்கும் சட்டம் வந்தது. அது பெரிதாக நடைமுறைக்கு வரவில்லை. 1876–78இன் தாது வருடப் பஞ்சத்துக்குப் பிறகே அரசு விழித்துக்கொண்டது. பஞ்சக் கமிஷனைத் தொடர்ந்து 1883இல் ஏரி மறுசீரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டது.

இத்திட்டத்தின் சிறப்பு, அது தனிக் கண்மாயை அலகாக எடுத்துக்கொள்ளாததுதான். ஆற்று வடிநிலங்களைச் சிறு வடிநிலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் உள்ள கண்மாய்களை வரிசைப்படுத்தி அளந்தார்கள். ஒவ்வொரு கண்மாய்க்கும் ஒரு பதிவேடு எழுதப்பட்டது. முழு நீர்மட்டம், உச்ச நீர்மட்டம், கரையின் மேல்மட்டம், கொள்ளளவு, ஆயக்கட்டு, மடைகளின் அளவு, கலுங்கின் நீளம் எல்லாம் அதில் இருந்தன. தனி நீர்ப்பிடிப்பு, கூட்டு நீர்ப்பிடிப்பு என்று இரண்டு பரப்புகளும் குறிக்கப்பட்டன. தனக்கு மட்டுமே நேராக வடியும் நிலம் முதலாவது. மேலே உள்ள கண்மாய்களின் நிலத்தையும் சேர்த்தது இரண்டாவது. தொடர் என்ற கருத்து கணக்கில் ஏறியது இங்கேதான்.

ஆனால் இவை அரசின் நேரடி ஊர்களுக்கு எழுதப்பட்டவை. இன்றைய விருதுநகர் மாவட்டப் பரப்பில் சேத்தூர், ஏழாயிரம்பண்ணை போன்ற ஜமீன்கள் இருந்தன. ஜமீன் கண்மாயைப் பராமரிப்பது ஜமீனின் பொறுப்பு. நிர்வாக எல்லைகளும் மாறிக்கொண்டே இருந்தன. சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் 1910 வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தன, பிறகு இராமநாதபுரம், 1985 முதல் தனி மாவட்டம். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்து அந்தக் கண்மாய்கள் அரசிடம் சேர்ந்தபோது, பலவற்றுக்கு இத்தகைய பதிவேடு கிடையாது. நீர்வளத்துறை அவற்றை இன்றும் ‘எக்ஸ்-ஜமீன் கண்மாய்’ என்றே தனி வகையாகக் குறிப்பிடுகிறது. இதற்கு மேல் இன்னொரு பிரிவினையும் உண்டு. 40 ஹெக்டேருக்கு மேல் ஆயக்கட்டு உள்ளவை நீர்வளத்துறைக்கு, குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்துக்கு. நீரோ இந்த எல்லைகளைப் பார்க்காமல் ஒன்றியக் கண்மாயிலிருந்து துறைக் கண்மாய்க்குப் பாய்கிறது.

ரைவ்ஸின் சூத்திரம்

கலுங்கை எவ்வளவு நீளம் கட்டுவது என்பதற்கு உச்ச வெள்ளம் தெரியவேண்டும். மழைமானியும் ஆற்று அளவுகோலும் அரிதாக இருந்த காலம் அது. 1884இல் சென்னை மாகாணத்துக்கென ரைவ்ஸ் கொடுத்த சூத்திரம் மிக எளியது. நீர்ப்பிடிப்புப் பரப்பின் 2/3 அடுக்கை ஒரு கெழுவால் பெருக்கவேண்டும், அவ்வளவுதான். இன்றைய மெட்ரிக் அளவில் அந்தக் கெழு கடற்கரையிலிருந்து 80 கி.மீ.க்குள் 6.8, அதற்கு அப்பால் 8.5, மலையை ஒட்டிய சிறு பரப்புகளுக்கு 10.2. தொடரில் உள்ள கண்மாய்களுக்கு ஒரு திருத்தமும் உண்டு. கூட்டுப் பரப்பின் வெள்ளத்திலிருந்து, மேல்கண்மாய்கள் மறிக்கும் பரப்புக்கு ஒரு சிறு கெழுவால் கணக்கிட்ட அளவைக் கழிக்கவேண்டும்.

ஓர் உதாரணம் போட்டுப் பார்க்கலாம். கூட்டு நீர்ப்பிடிப்பு 27 சதுர கி.மீ., மேலே மறிக்கப்பட்டது 8 சதுர கி.மீ. என்று கொள்வோம். 27இன் 2/3 அடுக்கு 9. அதை 8.5ஆல் பெருக்கினால் வினாடிக்கு 76.5 கன மீட்டர். 8இன் 2/3 அடுக்கு 4. சிறு கெழுவாகப் பெருங்கெழுவில் ஐந்தில் ஒரு பங்கான 1.7ஐ எடுத்தால் 6.8. கழித்தால் 69.7 கன மீட்டர். கலுங்கு இதைத் தாங்கவேண்டும்.

மேல்கண்மாய்களுக்காகக் கழிப்பது பத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. மழைக்காலத்தின் நடுவில் மேல்கண்மாய்கள் ஏற்கெனவே நிறைந்திருக்கும், அவற்றை நம்பக்கூடாது என்ற எச்சரிக்கை அதில் தெரிகிறது. ஒரு தாளில் ஐந்து நிமிடத்தில் முடியும் கணக்கு ஒரு நூற்றாண்டுக்கு மேல் ஆயிரக்கணக்கான கலுங்குகளை நிறுத்தியிருக்கிறது. இன்று அதை ஏளனமாகப் பேசும் போக்கு சரியல்ல.

அதற்குச் சொல்லத் தெரியாதவை இரண்டு. ஒன்று நேரம். உச்ச வெள்ளம் எத்தனை மணிக்கு வரும், எவ்வளவு நேரம் நிற்கும் என்பது அதில் இல்லை. மற்றொன்று உடைப்பு. மேலே 10 லட்சம் கன மீட்டர் கொண்ட ஒரு கண்மாய் உடைந்து, பாதி நீர் ஒரு மணி நேரத்தில் வெளியேறினால், அது சராசரியாக வினாடிக்கு சுமார் 139 கன மீட்டர். மேலே சொன்ன கலுங்கு தாங்கும் அளவில் அது இரண்டு மடங்கு. அடுத்த கரையும் போகும். அதன் நீரும் சேர்ந்துகொண்டு அதற்கடுத்த கரைக்கு வரும்.

குறுக்கே வந்த பாதைகள்

மதுரை–தூத்துக்குடி ரயில் பாதை 1876இல் திறக்கப்பட்டது. விருதுநகரும் சாத்தூரும் அந்தப் பாதையில் உள்ளன. பாதை வடக்கிலிருந்து தெற்கே போகிறது, நீர் மேற்கிலிருந்து கிழக்கே வருகிறது. விருதுநகரிலிருந்து சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வழியாகத் தென்காசி செல்லும் பாதை 1927இல் வந்தது. சமதளக் கரிசலில் ரயில் பாதைக்காகக் கொட்டிய மண், ஒருவகையில் யாரும் பெயர் வைக்காத நீண்ட கண்மாய்க் கரைதான். அதற்குக் கலுங்கு கிடையாது, பாலக் கண்கள் மட்டுமே உண்டு.

ரயில்வே இதை அறிந்தே இருந்தது. உடைந்தால் தண்டவாளத்தைப் பாதிக்கக்கூடிய கண்மாய்களை ‘ரயில்வேயைப் பாதிக்கும் கண்மாய்கள்’ என்று தனிப் பட்டியலிட்டு, மழைக்கு முன் ரயில்வேப் பொறியாளரும் மாநிலப் பொறியாளரும் கூட்டாகப் பார்வையிடும் முறை உண்டு. பட்டியலுக்குக் காரணம் கற்பனை பயமல்ல. 1956 நவம்பரில் அரியலூர் அருகே மருதையாற்றுப் பாலம் வெள்ளத்தில் பெயர்ந்து தூத்துக்குடி விரைவு ரயில் கவிழ்ந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர், ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அது ஆற்று வெள்ளம். 2005 அக்டோபர் 29இல் அன்றைய ஆந்திரத்தின் வலிகொண்டாவில் நடந்தது நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கமானது. மேலே ஏரி உடைந்து வந்த நீர் ஒரு சிறு ரயில் பாலத்தை அடித்துச் சென்றது. அதிகாலையில் வந்த டெல்டா பயணிகள் ரயில் அதில் விழுந்தது. அங்கும் நூற்றுக்கு மேற்பட்டோர் இறந்தனர்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் தென்மாவட்டங்களில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. பதிவானது. தூத்துக்குடி மாவட்டத்தில் குளங்கள் வரிசையாக உடைந்தன. ஸ்ரீவைகுண்டத்துக்கு அருகே தண்டவாளத்தின் அடிமண் அரித்துச் செல்லப்பட, திருச்செந்தூரிலிருந்து சென்னை கிளம்பிய ரயிலில் இருந்த சுமார் 800 பேர் நிலையத்தில் சிக்கிக்கொண்டார்கள். விருதுநகரிலிருந்து அது தொலைவு அல்ல. வைப்பாறு கடலில் சேர்வதே தூத்துக்குடி மாவட்டத்தில்தான்.

சாலைகளுக்கு அப்படி ஒரு பட்டியல் இல்லை. இது பெரிய குறை என்பது இக்கட்டுரையின் கருத்து. ஒரு வரத்துக்காலின் மேல் போட்ட இரண்டு சிமெண்ட் குழாய்களை யாரும் நீரியல் அமைப்பாகப் பார்ப்பதில்லை.

மென்பொருள் என்ன செய்கிறது

கணினிக்கு முன்பே கருவிகள் தயாராக இருந்தன. ஓடும் நீரின் சமன்பாடுகளை பிரெஞ்சுப் பொறியாளர் செயின்ட்-வெனான் 1871இல் எழுதிவிட்டார். நீர்த்தேக்கத்துக்குள் வருவது, வெளியேறுவது, தங்குவது மூன்றையும் நேரப்படி கணக்கிடும் முறை 1928இலிருந்து புழக்கத்தில் உள்ளது. கையால் செய்தால் ஒரு கண்மாய்க்கே நாள்கணக்காகும், தொடருக்குச் செய்ய யாருக்கும் பொறுமை இருக்காது. அமெரிக்க ராணுவப் பொறியாளர் படை 1964இல் கலிஃபோர்னியாவின் டேவிஸ் நகரில் நீரியல் பொறியியல் மையத்தைத் தொடங்கியது. அந்த மையம் 1995இல் வெளியிட்ட ஹெக்-ராஸ் இன்று உலகெங்கும் பயன்படுகிறது. 2016இல் வந்த ஐந்தாம் பதிப்பில் தரையின் மேல் நீர் பரவுவதையும் இருபரிமாணத்தில் காட்டத் தொடங்கியது. நகர வடிகால்களுக்கு 1971இல் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை உருவாக்கிய எஸ்.டபிள்யூ.எம்.எம். உண்டு. இரண்டும் இலவசம். மாவட்டப் பொறியாளரும் கல்லூரி மாணவரும் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம்.

இவற்றில் ஒரு கண்மாய் என்பது ஓர் அட்டவணை. எந்த மட்டத்தில் எவ்வளவு நீர் நிற்கும் என்பதே அதில் இருக்கும். கலுங்கு ஓர் அணைமுகடு, சிறுபாலம் ஒரு குழாய், மறுகால் குறுக்குவெட்டுகளின் வரிசை. மழையை மணி வாரியாகக் கொடுத்தால், மென்பொருள் சில வினாடிகளுக்கு ஒருமுறை எல்லாக் கண்மாய்களின் மட்டத்தையும் சேர்த்துக் கணக்கிடும்.

சேர்த்துக் கணக்கிடுவதில்தான் விஷயம் இருக்கிறது. 20 மீட்டர் நீளக் கலுங்கின் மேல் 60 செ.மீ. உயரத்துக்கு நீர் பாய்ந்தால் வினாடிக்கு சுமார் 15.8 கன மீட்டர் வெளியேறும். மறுகாலில் அரை கிலோமீட்டர் தள்ளி ஒரு சாலை, அதன் அடியில் ஒரு மீட்டர் விட்டமுள்ள இரண்டு குழாய்கள். குழாயின் மையத்துக்கு மேல் ஒரு மீட்டர் நீர் நின்றாலும் இரண்டும் சேர்ந்து சுமார் 4.2 கன மீட்டர்தான் கடத்தும். மீதி 11.6 கன மீட்டர் சாலைக்கு மேற்கே தேங்கும். ஒரு மணி நேரத்தில் அது ஏறக்குறைய 42,000 கன மீட்டர். அடுத்து நீர் சாலையைத் தாண்டி வழிந்து சாலையை அரிக்கும். சாலை உயரமாக இருந்தால் தேங்கிய மட்டம் பின்னோக்கி ஏறிக் கலுங்கின் முகட்டையே மூழ்கடிக்கும். மூழ்கிய கலுங்கு கடத்தும் நீர் குறையும், கண்மாயின் மட்டம் உயரும், உச்ச நீர்மட்டத்துக்கு மேல் விட்டிருந்த கரையின் உயரம் கரைந்துபோகும். ஆகவே கரை உடைவதற்கான காரணம் கரையிலோ கலுங்கிலோ இல்லாமல் அரை கிலோமீட்டர் கீழே இருக்கலாம். ரைவ்ஸின் சூத்திரம் இதைக் காட்டாது. கலுங்கைப் பார்வையிடும் பொறியாளரின் கண்ணுக்கும் கோடையில் தெரியாது.

சிறுபாலத்துக்கு இன்னொரு கணக்கும் தேவை. கருவேலங்கிளையும் பிளாஸ்டிக்கும் அடைத்துக்கொண்ட குழாய் எவ்வளவு கடத்தும் என்பதே அது. முழுத் திறப்பு, பாதி அடைப்பு என்று இரண்டு முறை ஓட்டிப் பார்ப்பது நல்ல வழக்கம். நம் ஊர்களில் இரண்டாவதுதான் உண்மைக்கு நெருக்கமாக இருக்கும்.

திரப்பனையும் சென்னையும்

கண்மாய்த் தொடரைத் தொடராகவே மாதிரியில் கொண்டுவந்த நல்ல முன்னோடி இலங்கையில் உண்டு. அங்கே தொடருக்கு ‘எல்லங்காவ’ என்று பெயர். மத்தும பண்டார 1985இல் அதை ஆய்வுலகுக்கு விளக்கினார். அனுராதபுரம் மாவட்டத்துத் திரப்பனைத் தொடருக்காக ஜெயதிலக, இரா. சக்திவடிவேல் உள்ளிட்டோர் ஒரு நீர்ச்சமன்பாட்டு மாதிரியை அமைத்து 2003இல் வெளியிட்டார்கள். மழை, ஆவியாதல், கசிவு, வயலிலிருந்து திரும்பும் நீர், கலுங்கில் வழிவது எல்லாவற்றையும் நாள் கணக்கில் தொடர்ந்து சென்றது அது. அதன் கேள்வி வெள்ளம் அல்ல, கீழ்க்குளத்துக்குத் தண்ணீர் கிடைக்குமா என்பது. விருதுநகரில் பத்தில் ஏழெட்டு ஆண்டுகளுக்கு அந்தக் கேள்விதான் பொருந்தும்.

வெள்ளத்துக்கு உதாரணம் சென்னை. 2015 டிசம்பரில் செம்பரம்பாக்கத்திலிருந்து திறந்த 29,000 கன அடியைப் பற்றியே எல்லோரும் பேசினார்கள். அடையாற்றில் ஓடியது அதைவிடக் கூடுதல். ஏரிக்குக் கீழே ஆற்றில் சேரும் மற்ற ஏரித் தொடர்களின் உபரி அதில் கலந்திருந்தது. அதன் பிறகு தேசியக் கடலோர ஆய்வு மையம் இந்தியத் தொழில்நுட்பக் கழகங்களோடும் அண்ணா பல்கலைக்கழகத்தோடும் சேர்ந்து உருவாக்கிய சென்னை வெள்ள எச்சரிக்கை அமைப்பு 2019இல் பயன்பாட்டுக்கு வந்தது. பெருநகரத்துக்குக் கிடைத்த அந்தக் கவனம் அர்ச்சுனா நதியின் சிறு வடிநிலங்களுக்கு எளிதில் கிடைக்காது.

அளவையின் அருமை

மென்பொருள் இலவசம், அளவை இலவசமல்ல. இணையத்தில் கிடைக்கும் செயற்கைக்கோள் உயரத் தரவில் சில மீட்டர் பிழை வருவது சாதாரணம். கலுங்கு முகட்டுக்கும் கரையின் மேல்மட்டத்துக்கும் உள்ள வித்தியாசமே இரண்டு மீட்டருக்குள் அடங்கும்போது அந்தத் தரவை வைத்து வெள்ளம் பார்ப்பது வீண். லெவல் கருவியோடு ஆள் இறங்கி, ஒவ்வொரு கலுங்கு, ஒவ்வொரு குழாயின் அடிமட்டம், சாலையின் முதுகு என்று ஒரே ஆதாரப் புள்ளியிலிருந்து அளக்கவேண்டும். 1880களின் பதிவேட்டுக்காரர்கள் செய்ததும் அதுவே.

பழைய பதிவேட்டுக் கொள்ளளவை அப்படியே எடுத்துக்கொள்ளவும் முடியாது. நூறாண்டு வண்டல் படிந்திருக்கிறது. 2017 முதல் குடிமராமத்து என்ற பழைய பெயரில் அரசு நடத்திய பணிகளில் சில இடங்களில் அது அள்ளப்பட்டிருக்கிறது, அதுவும் சீராக அல்ல. உள்வாயில் ஆழக் குழி வெட்டுவதால் கொள்ளளவு கூடும், ஆனால் கண்மாய் நிறைந்த பிறகு வரும் வெள்ளத்துக்கு அந்தக் குழி ஒன்றும் செய்யாது. முழு நீர்மட்டத்துக்கு மேல் உள்ள இடம்தான் வெள்ளத்தைத் தணிக்கும். அந்த இடத்தைத்தான் ஆக்கிரமிப்பும், கலுங்கில் அடுக்கும் மணல் மூட்டைகளும் முதலில் எடுத்துக்கொள்கின்றன.

மணல் மூட்டை எந்த அரசுப் பதிவிலும் இருக்காது. எந்தக் கலுங்கில் எத்தனை அடி அடுக்குவார்கள், எந்தத் தாம்போதியில் முதலில் தண்ணீர் ஏறும், மேல்கண்மாய் மறுகால் விழுந்து எத்தனை மணி நேரத்தில் கீழே வந்து சேரும் என்பதெல்லாம் ஊரில் வயதானவர்களுக்குத் தெரியும். மாதிரி சொல்லும் நேரமும் அவர்கள் சொல்லும் நேரமும் ஒத்துவந்தால் மாதிரியை நம்பலாம். ஒத்துவராவிட்டால் பெரும்பாலும் அளக்காமல் விட்ட குழாய் ஒன்று நடுவில் இருக்கும்.